குக்கர் லேசர்

ஜீவராணியின் பிரஷர் குக்கர் நல்ல நிலையில்தான் இருந்தது. போன தீபாவளிக்குப் பண்டாரவளையில் வாங்கியது, அடி கூட இன்னும் சரியாகக் கறுக்கவில்லை. அவள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது அந்தக் குக்கர் அடிப்பாகம் இல்லாமல் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே அவள் புருஷன் அஜந்தன் இரும்பு அறுக்கும் வாளும் கையுமாக, தலையெல்லாம் அலுமினியத் தூளாக உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் கனத்துல அலுமினியம் வெளிய கெடைக்காது புள்ள," என்றான். "சூட்ட நல்லா இழுக்கும்."

"அப்ப சோறு எதுல வேகும்? ஒங்க லைட்டுலயா?"

அவன் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஊரில் எத்தனையோ பேருடைய புருஷன்மார் குடிக்கிறார்கள்; குடித்தவனுக்கு விடிந்தால் தெளிந்துவிடும். அஜந்தனுக்கு விடிந்தால்தான் ஆரம்பிக்கும்.

அவன் பதுளை டவுனில் ஆகில் நானாவின் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். உடைந்த கண்ணாடியை மாற்றுவது, சார்ஜ் ஏறாத துளையைச் சுரண்டிக் கொடுப்பது, அவ்வளவுதான் அங்கே வேலை. ஆனால் லயத்துக்குள் அவன் நடந்து வந்தால் ராக்கெட் விட்டுவிட்டு வருகிறவன் போல இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வந்த செத்துப்போன புரொஜெக்டரை, "கொண்டு போங்க தம்பி, கடைல எடமாவது மிஞ்சும்" என்று ஆகில் நானா தூக்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் நீல ஒளி விடுகிற டயோடுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மிளகு அளவு. அதில் ஒன்றைப் பிடுங்கி, கைக்கு அடக்கமான ஒரு குழாய்க்குள் வைத்து, முன்னால் ஒரு லென்ஸைத் திருகி, பின்னால் பழைய லேப்டாப் பேட்டரியில் கழற்றிய செல்லைப் போட்டால் லேசர் தயார். சந்தையில் பிள்ளைகள் சிவப்புப் புள்ளி விட்டு விளையாடும் சாமான் இல்லை இது. தீக்குச்சியைத் தூரத்திலிருந்தே பற்ற வைக்கும். கடதாசியைப் பொசுக்கி ஓட்டை போடும்.

தயார் என்று வாயால் சொல்வது சுலபம். செல்லிலிருந்து கரண்டை நேரே விட்டால் டயோடு கண் சிமிட்டும் நேரத்தில் செத்துவிடும். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பது போல அளந்து ஊட்ட வேண்டும். அதற்கு டிரைவர் என்று ஒரு சின்ன சர்க்யூட்டை அவனே பலகைத் துண்டில் ஈயம் வைத்துச் செய்தான். கரண்டைக் கூட்டிக் குறைக்க அதில் எள்ளளவு ஒரு திருகாணி. அதைக் கொஞ்சம் அதிகமாகத் திருகி அவன் கொன்ற டயோடுகளைக் கோர்த்தால் ஒரு மாலையே கட்டலாம். ஒவ்வொன்று செத்தபோதும் வீட்டில் ஒரு துக்கம். சாப்பிட மாட்டான், பேச மாட்டான். அவன் அம்மா செத்ததற்குக்கூட இவ்வளவு அழவில்லை என்று ஜீவராணி நினைத்துக்கொள்வாள்.

டிரைவர் சரிவந்த பிறகு சூடு என்று ஒரு சனியன் வந்து சேர்ந்தது. டயோடு குடிக்கிற கரண்டில் ஒளியாகப் போவது கொஞ்சம், சூடாகப் போவதே மிச்சம். அந்தச் சூட்டை வெளியே இழுத்துப் போடாவிட்டால் ஒளி மங்கும், பிறகு டயோடே போய்விடும். அதற்குத்தான் குக்கர். அதன் அடியை வட்டம் வட்டமாக நறுக்கி, நடுவில் துளை போட்டு, குழாயைச் சுற்றி இடைவெளி விட்டு அடுக்கியிருந்தான். சூடு அளவு மீறினால் தானே அணைந்துபோக ஒரு சின்ன சுவிட்சும் வைத்திருந்தான். அதுவரைக்கும் அவனைப் புத்திசாலி என்றே சொல்லலாம். ஆனால் போனில் வீடியோ எடுத்துப் போடும்போது அந்த சுவிட்ச் பாதியில் அணைத்துவிட்டது. பார்த்தவர்கள் கேலி செய்து எழுதினார்கள். மறுநாளே அந்த சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு கம்பியை வைத்து ஈயம் ஊற்றிவிட்டான்.

"இப்ப அணையாது," என்றான் ஜீவராணியிடம், பெருமையாக. "நான்தான் எண்ணி விடணும். இருபது எண்ணுற வரைக்கும் அமுத்தலாம். அப்புறம் விட்டுட்டு ஆற வைக்கணும்."

"எண்ண மறந்தா?"

"நான் எதுக்கு மறக்கப் போறேன்?"

இப்படியே அவன் காம்பரா அறைக்குள் சுவரைப் பொசுக்கிக்கொண்டு கிடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஏழாம் நம்பர் மலையில் குளவி கூடு கட்டியதால்தான் வினை வந்தது.

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலைதான் உயரமானது. நடுவே ஒரு டர்பன்டைன் மரம். அதன் உச்சிக் கிளையில் பெரிய பலாப்பழம் தொங்குவது போலக் குளவிக் கூடு. பெண்கள் அதைப் பார்த்துச் சொல்லி வெகுநாளாயிற்று. கணக்கப்பிள்ளை முருகையா கேட்டுக்கொண்டார், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையும் கேட்டுக்கொண்டார், சங்கத்துத் தோட்டத் தலைவரோ, தேர்தலுக்குப் பிறகு பார்ப்போம் என்றார். பிறகு ஒரு பகலில் காற்று கிளையை உலுக்கியது. குளவி இறங்கியது. கொட்டு வாங்கியவர்களில் கருப்பம்மா அக்காவுக்குத்தான் மோசம். முகம் பூசணிக்காயாக வீங்கி, கண் மூடிப் போய், பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மறுநாள் காலை, எல்லாரும் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் முருகையா வேலை பிரித்து, "ஏழாம் நம்பர்" என்றார். ஒரு பெண்ணும் அசையவில்லை.

"கூட்ட எடுங்க, நாங்க ஏறுறோம்," என்றாள் ஜீவராணி. அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னாள். அவள் பின்னால் அத்தனை பெண்களும் கூடையோடு நின்றார்கள், ஏழாம் நம்பருக்கு மட்டும் யாரும் போகவில்லை.

அது வறண்ட கச்சான் காற்று வீசும் காலம். இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அப்போதுதான். கொழுந்து முற்ற முற்றப் பெரிய துரைக்கு வயிறு எரிந்தது. ஜீப்பில் பெரட்டுக் களத்துக்கே வந்து இறங்கினார்.

"மேலிடத்துக்கு எழுதியாச்சு. அனுமதி வரணும். காட்டுச் சீவன்தானே, சும்மா எடுக்க ஏலாது," என்றார்.

"கருப்பம்மா அக்காவும் சீவன்தாங்கய்யா."

துரை வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்தார். ஹல்துமுல்லைப் பக்கத்தில் பொழுது சாயும்போது புகை போட்டுக் கூடு எடுக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஒரு போன் அடித்தால் வருவார்கள். இந்தப் பெண்கள் மசிய மாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முருகையாவின் பக்கம் திரும்பி, அந்த ஆட்களைக் கூப்பிடச் சொல்ல வாயைத் திறந்தார். அது ஜீவராணிக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்குள் வேறொரு வாய் திறந்தது.

"ஆளுங்க எதுக்குங்கய்யா? நான் எரிச்சுத் தர்றேன்," என்றான் அஜந்தன். டவுன் பஸ்ஸுக்குப் போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்றவன். சட்டைப் பையிலிருந்து அந்தக் குழாயை எடுத்து நீட்டினான். "கீழ நின்னுக்கிட்டே. மரத்துல ஏறவே வேணாம்."

கீழே கிடந்த ஒரு காய்ந்த இலையை அங்கேயே பொசுக்கிக் காட்டினான். துரையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆட்களுக்குச் செலவில்லை, அனுமதியும் தேவையில்லை, ஏதாவது ஆனால் பழி இந்தப் பயல் தலையில். இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு துரைக்கு?

"சரி. இண்டைக்குப் பின்னேரம் நீ எரி," என்றார். பிறகு பெண்களைப் பார்த்து, "பிரச்சினை முடிஞ்சுதானே? நாளைக்கு எல்லாரும் ஏழாம் நம்பர்," என்றார்.

எல்லாக் கண்களும் ஜீவராணி மேல் திரும்பின. புருஷன் செய்ததற்குப் பெண்சாதி தலைகுனிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் அவள் தலை குனிந்தது. ஒற்றுமையாக நின்று வெயிலில் காய்ந்து, பழம் பழுத்துக் கையில் விழப்போகிற நேரத்தில், வீட்டுக்குள்ளிருந்தே ஒருவன் வந்து கிளையை வெட்டிவிட்டான். எதிரியாக இருந்தால் திட்டலாம். இந்த அரைவேக்காட்டை என்ன செய்வது?

"எரியலேன்னா?" என்று லயத்துக்குப் போகும் வழியில் கேட்டாள்.

"எரியும் புள்ள. கூடுன்னா என்ன, வெறும் கடதாசிதானே."

"எரியலேன்னா நாளைக்கு அதுக்குக் கீழ நிக்கப் போறது நான். ஒங்க குழாய் இல்ல."

"நீ என்னைய நம்பவே மாட்டியா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். நம்புறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் போனை எடுத்து வீடியோ காட்டுவான்.

பின்னேரம் ஊரே மலையடியில் கூடியது. பெண்கள் தூரத்திலேயே நின்றார்கள். அஜந்தன் லேசர் கண்ணில் படாமலிருக்க ஆரஞ்சு நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை ஒரு தேயிலைச் செடியில் சாய்த்து வீடியோவை ஓடவிட்டுவிட்டு, மரத்தைக் குறிபார்த்தான்.

கூத்து முதல் நொடியிலேயே தொடங்கிவிட்டது. அவன் அந்தக் குழாயை வெளியே சோதித்ததெல்லாம் விடியற்காலை மூடுபனியில். பனிக்குள் அந்தக் கதிர் நீலக் கம்பு மாதிரி நீண்டு தெரியும், கம்பீரமாக இருக்கும். குளிரில் குக்கர் தகடும் சூடாகாது. இப்போது பனியும் இல்லை, குளிரும் இல்லை, வறண்ட காற்று மட்டும். கதிர் கண்ணுக்கே தெரியவில்லை. கூட்டின் மேல் ஒரு வெளிறிய நீலப் பொட்டு மட்டும் விழுந்தது. வீட்டுச் சுவரில் குண்டூசி முனையாக இருந்த பொட்டு அந்த உயரத்துக்குப் போய்ச் சேர்கையில் சோற்றுத் தட்டளவு பரவியிருந்தது. போதாததற்குக் காற்று கிளையை ஆட்ட, கூடு வலப்பக்கம் போனால் பொட்டு இடப்பக்கம் போனது. அவன் எண்ணி அழுத்தினான், விட்டான், ஊதி ஆற்றினான், மறுபடி அழுத்தினான். கடைசியில் கூட்டின் ஓரத்தில் பீடிப் புகை அளவுக்கு ஒரு புகை எழுந்தது.

"பத்துது! பத்துது!" என்று கத்தினான்.

பற்றியது கூடு இல்லை, குளவிகளின் கோபம். கூட்டைச் சுற்றி அவை சுழலத் தொடங்கியதைப் பெண்கள் பார்த்தார்கள். பேசாமல் இன்னும் பின்னால் போனார்கள்.

பெரிய துரை பின்னால் போகவில்லை. விளையாட்டுச் சாமானைக் கண்டால் ஆண்பிள்ளைகளுக்கு வயது போய்விடுகிறது, பங்களாவில் இருந்தாலும் லயத்தில் இருந்தாலும்.

"நீ சரியாப் பிடிக்க இல்ல. குடு, நான் பாக்கிறேன்," என்று கையை நீட்டினார்.

அஜந்தன் குழாயை இரண்டு கையாலும் கொடுத்தான். ஆரஞ்சுக் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தான். துரை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். அழுத்தியவர் விடவில்லை.

ஜீவராணி தூரத்திலிருந்து மனதுக்குள் எண்ணினாள். இருபது ஆயிற்று. அஜந்தனின் உதடும் எண்ணுவது தெரிந்தது. முப்பது. அவன் வாய் திறந்து மூடியது. 'ஐயா, விடுங்க' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், இரண்டு சொல். ஆனால் துரையின் கையில் இருப்பதை விடு என்று சொல்லும் நாக்கு அந்தத் தோட்டத்தில் ஒருத்தனுக்கும் முளைக்கவில்லை. பெண்சாதியிடம் பேசும்போது வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவன், துரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று தன் டயோடு சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூடு மிஞ்சினால் அணைக்க இருந்த சுவிட்சைக் கொன்றாயிற்று. மிச்சமிருந்த ஒரே சுவிட்ச் அவன் வாய். அதுவும் வேலை செய்யவில்லை.

கூட்டின் மேலிருந்த நீலப் பொட்டு மங்கியது. குக்கர் தகட்டுச் சூடு துரையின் உள்ளங்கையைப் பிடித்தது. "அம்மே!" என்று அலறிக் குழாயை வீசினார். கையை உதறினார், தொப்பியை எடுத்து விசிறினார். குளவி வரும்போது அசையாமல் குப்புறப் படுக்க வேண்டும் என்பது லயத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தோட்டத்தையே ஆளுகிறவருக்குத் தெரியவில்லை. கூட்டமாக இறங்கிய குளவிக்கு அந்த வழுக்கைத் தலை விருந்துக்கு விரித்த பாய் மாதிரி ஆயிற்று.

அஜந்தன் செடிக்கடியில் பாய்ந்துவிட்டான். ஜீவராணிதான் ஓடினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, துரையைத் தள்ளிவிட்டு, அவர்மேல் போட்டு மூடி, தானும் அதற்குள் முகத்தைப் புதைத்தாள். கருணை ஒன்றும் இல்லை. துரை செத்தால் அந்தப் பழியும் லயத்துக்குத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். சாக்குக்கடியில் அவர் புலம்பியதைக் கேட்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

துரையை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். இருட்டுவதற்கு முன்னால் ஹல்துமுல்லை ஆட்கள் வந்து இறங்கினார்கள். புகை போட்டார்கள், கூட்டை வெட்டிச் சாக்கில் கட்டிக் கொண்டு போனார்கள். அந்த மேலிடத்து அனுமதி எந்தக் காற்றில் பறந்து வந்ததோ, முருகையாவைக் கேட்டால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கருப்பம்மாவுக்கு முகம் வீங்கியபோது கடிதம் எழுதினார்கள். துரைக்கு வழுக்கை வீங்கியபோது ஆளே வந்தது.

காம்பராவில் அஜந்தன் கருகிப்போன குழாயைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதிலும் கையிலும் கொட்டியிருந்தது. ஜீவராணி சுண்ணாம்பைக் குழைத்து அவன் முன்னால் வைத்தாள், தடவிவிடவில்லை.

"அந்த சுவிட்ச இருக்க விட்டிருக்கலாம்," என்றான் மெதுவாக.

"வீடியோ நின்னுருமே."

அவன் தலையைக் குனிந்தான். பிறகு, அவனுக்கே உரிய அந்தப் பல்லிளிப்போடு, "ஆனா கூடு போயிருச்சுல்ல?" என்றான்.

ஜீவராணிக்குக் கோபம் தலைக்கு ஏறியதற்குக் காரணம், அவன் சொன்னது உண்மையாக இருந்ததுதான். பெண்கள் வெயிலில் நின்று நடக்காதது இந்தக் கோமாளித்தனத்தால் நடந்துவிட்டது. இந்த ஊரில் நியாயம் கேட்டால் எதுவும் நகராது, துரைக்குக் கொட்டினால்தான் நகரும். அந்த நினைப்பு அவளுக்குக் குளவி கொட்டுவதை விட அதிகமாக வலித்தது.

துரை ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மறுநாள் யாரும் ஏழாம் நம்பர் என்று வாயெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். கருப்பம்மாவின் ஒரு கண் திறந்திருந்தது.

"கூட்ட எடுத்துட்டாங்களாமே. நமக்காகவா?"

பொய் சொல்லலாம் என்று ஜீவராணி நினைத்தாள். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்ததும் மனம் வரவில்லை. "இல்லக்கா. தொரைக்காக," என்று நடந்ததைச் சொன்னாள்.

கருப்பம்மா சிரிக்கப் போய் வீங்கிய கன்னம் வலித்து நிறுத்தினாள். "அப்ப எதுக்குடி நம்ம முன்னால போறோம்?" என்றாள்.

திங்கட்கிழமை பெரிய துரை பெரட்டுக் களத்துக்கு வந்தார். முகம் ஒரு பக்கம் உப்பியிருந்தது, கையில் கட்டு. கொழுந்து முற்றிக் கிடந்தது.

"கூடு எடுத்தாச்சு. இனி என்ன? ஏழாம் நம்பர்," என்றார்.

கருப்பம்மா கேட்ட கேள்வி லயம் முழுக்கப் போயிருந்தது; பெண்கள் அசையவில்லை. முருகையா ஜீவராணியைப் பார்த்தார்.

"நீங்க முன்னால நடங்கய்யா," என்றாள் அவள். "இன்னைக்கு மட்டும் இல்ல. எந்த மலைன்னாலும் மொத நாளு நீங்க நடந்து பாருங்க. நாங்க பின்னால வர்றோம்."

"நான் எதுக்கு?"

"எங்களக் கொட்டுனா கடுதாசிதான் போகுது. ஒங்களக் கொட்டுனா அன்னைக்கே ஆள் வருது. அதான்."

யாரும் சிரிக்கவில்லை. முருகையா செருமவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்ற அஜந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜீவராணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், வாய் மூடியது. துரை அத்தனை முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முற்றிய கொழுந்து நிற்கிற மலையையும் பார்த்தார். தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பாதையில் காலை வைத்தார்.

வழியெல்லாம் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறினார். ஜீவராணி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் நடந்தாள். அவர் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள்.